பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

பெரிய ஃபிலிம் போடும் கேமரா வாங்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களின் மனதில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள் இருக்கும். இது நல்லதா, அது நல்லதா என்று கேட்பார்கள். நான் பெட்டியைப் பற்றி உடனே பேசுவதில்லை. "என்ன ஃபிலிம் போடப்போறீங்க தம்பி? அதை யார் கழுவுவாங்க? தூக்கிக்கிட்டு எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் லென்ஸ் எது என்று தெரியும். லென்ஸ் தெரிந்துவிட்டால் எந்தப் பெட்டி என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் இந்தக் கேமராக்களோடு அலைந்தே என் தொழில்காலம் கழிந்தது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் குன்னூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு வாகீஸ்வரி கேமரா நின்றது. ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940களில் செய்யத் தொடங்கிய கேமரா அது. தேக்கு மரமும் பித்தளையும் இங்கேயே. லென்ஸ் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. தென்னிந்திய ஸ்டுடியோக்களில் அப்போது அதைப் பார்க்காத ஊர் குறைவு. எங்களுடையது ஃபுல் பிளேட், அதாவது ஆறரைக்கு எட்டரை அங்குலம். பள்ளிக்கூடங்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் குரூப் போட்டோ எடுக்க அதைத்தான் கொண்டுபோவோம். கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கிரவுண்ட் கிளாஸில் தலைகீழாகத் தெரியும் எண்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஃபோகஸ் வைப்பார் முதலாளி. கடைசி வரிசை தெளியவில்லை என்றால் பின்பலகையைக் கொஞ்சம் சாய்ப்பார். முன்வரிசையும் கடைசி வரிசையும் ஒன்றாகத் தெளிந்துவிடும். அது எப்படி நடக்கிறது என்று அவர் விளக்கியதில்லை. பலகையைச் சாய்த்தால் தெளியும் என்பது மட்டும் என் கண்ணில் பதிந்தது. பிற்பாடு மலையில் எனக்குச் சோறு போட்டது அந்தச் சாய்வுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி அந்தக் கேமராவை எடுத்துப்போக விடுவார். அவலாஞ்சி பக்கம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவேன். பெட்டியைவிட அதன் மர ஸ்டாண்டும் பிளேட் ஹோல்டர்களும்தான் தோளை இறக்கும். அதே ஃபுல் பிளேட் அளவில்தான் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10ஆம் தேதி யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுத்தார் என்று பின்னாளில் படித்தபோது பெரிய நெருக்கம் தோன்றியது. அன்று அவரிடம் மிஞ்சியிருந்தவை இரண்டே பிளேட்டுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டரில் எடுத்துவிட்டு, வானம் வேண்டிய அளவு கறுக்காது என்று உணர்ந்து, கடைசிப் பிளேட்டை அடர்சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். நமக்குத் தெரிந்த படம் அந்தக் கடைசிப் பிளேட்தான்.

எந்த ஃபிலிம் என்பதை முதலில் கேட்கவேண்டும் என்று நான் சொல்வது புதிய விஷயமே இல்லை. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தபோது கண்ணாடியில் கொலோடியன் பூசும் முறை வந்துவிட்டது. ஆனால் அதைப் பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாகவேண்டும். டிரைப் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவையே நம்பினார். அதை முன்கூட்டியே தயாரித்து எடுத்துப்போகலாம். நம்மூர் வெயிலிலும் மாட்டுவண்டிப் பயணத்திலும் அதுதான் தாங்கும். சில ஆண்டுகள் கழித்து இமயமலைக்குப் போன சாமுவேல் போர்ன் கண்ணாடியின் நுணுக்கத்தை விட மனமில்லாதவர். அதற்கு விலையாகக் கூடாரம், ரசாயனப் பெட்டிகள், அவற்றைத் தூக்கக் கூலிகளின் ஒரு பட்டாளம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு நடந்தார். இருவருடைய கேமராவையும் தீர்மானித்தது அவர்கள் நம்பிய நெகட்டிவ்தான்.

எங்களுக்கும் அப்படித்தான். உதகையில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஓடிய காலம் அது. 1960இல் தொடங்கிய நிறுவனம். 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது. அந்த ஆலை இருந்த மலையில் வேலை செய்ததால் ஃபிலிம் என்பது கடைக்குப் போனால் கிடைக்கும் பொருள் என்றே நினைத்து வளர்ந்தேன். ஆலை நொடித்து மூடப்பட்டபோது மலையில் பல குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. எங்களுக்கோ ஃபிலிம் என்றால் இறக்குமதி, சுங்க வரி, காத்திருப்பு என்று ஆனது.

இன்றைக்கு ஒருவர் நான்குக்கு ஐந்து அங்குலத்தைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள் உண்டு. இல்ஃபோர்ட், கோடக் ஃபிலிம்கள் இன்னும் அந்த அளவில் வருகின்றன. ஹோல்டர் சின்னது, ஒன்றில் இரண்டு ஷீட் போகும், பத்து ஹோல்டர் எடுத்துக்கொண்டாலும் இரண்டு கிலோவை ஒட்டித்தான் வரும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமைவிடப் பரப்பு 13 மடங்குக்கு மேல். ஆனால் கையில் பணம் இல்லாத இளைஞர் ஒருவர் எட்டுக்குப் பத்து வேண்டும் என்று வந்தால் அவரை நான் மறிப்பதில்லை. எக்ஸ்ரே ஃபிலிம் நம் நாட்டில் அதே எட்டுக்குப் பத்து அளவில் மருத்துவப் பொருள் கடைகளில் பெட்டியாகக் கிடைக்கிறது. இறக்குமதி ஷீட் ஒன்றின் விலையோடு பார்த்தால் அது பல மடங்கு மலிவு. சிவப்பு ஒளி அதற்குத் தெரியாது. அதனால் சிவப்பு விளக்கின் கீழ் தட்டில் போட்டு, படம் எழும்புவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். தொழில் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் எமல்ஷன் இருப்பதால் நகம் பட்டாலே கீறல் விழும். ஒவ்வொரு ஷீட்டாகக் கழுவவேண்டும். நீல ஒளியை அதிகம் வாங்குவதால் தொலைவு மலைகளின் மூட்டம் கண்ணால் பார்ப்பதைவிட அடர்த்தியாக வரும். கோத்தகிரி பக்கம் காலை வெளிச்சத்தில் மலை அடுக்குகளை அதில் எடுத்துப் பார்த்தவர்கள் வேறு ஃபிலிமுக்குத் திரும்பத் தயங்குவார்கள். செம்மண் மட்டும் கறுப்பாகிவிடும். ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்குப் போய்க்கொண்டிருப்பதால் இந்த ஃபிலிமும் எத்தனை காலத்துக்கு வரும் என்பதை யோசித்தே எட்டுக்குப் பத்தில் பணம் போடச் சொல்வேன்.

கலர் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் குறிஞ்சிக் கதையைச் சொல்வேன். 2006இல் கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பூத்தபோது வெல்வியா என்ற ஸ்லைடு ஃபிலிம் ஷீட்டில் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். சில நாளில் ஸ்லைடுகள் கையில் இருந்தன. அடுத்த பூப்பு 2018இல். அதற்குள் நான் நம்பியிருந்த லேப் ஸ்லைடு கழுவுவதையே விட்டுவிட்டது. கோடக் ஸ்லைடு ஃபிலிம் 2012இல் நிறுத்தப்பட்டு, ஷீட்டாகத் திரும்பி வராத நேரம் அது. ஃப்ரீஸரில் சேர்த்துவைத்த வெல்வியாவை நானே கழுவினேன். முதல் டெவலப்பர் 38 டிகிரியில் இருக்கவேண்டும். அரை டிகிரி நகர்ந்தாலும் படத்தில் தெரியும். கொடைக்கானல் குளிரில், வாடகை வீட்டுக் குளியலறையில், வெந்நீர் அண்டாவுக்குள் பாட்டில்களை நிறுத்தி, தெர்மாமீட்டரை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஊதா நிறம் சரியாக வந்தது. கலர் வேண்டும் என்பவர் இந்த வேலைக்கும் சேர்த்துத்தான் ஆசைப்படவேண்டும். மாட்டேன் என்றால் கறுப்பு வெள்ளை. அப்போது லென்ஸில் என்னென்ன ஃபில்டர் பொருத்த முடியும் என்பது முக்கியமாகிவிடும்.

அடுத்தது லென்ஸ்.

எண்பதுகளின் நடுவில் சென்னையில் விளம்பரப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோ தன் பழைய மோனோரயில் கேமராவை விற்றது, நான் வாங்கினேன். ஒற்றைத் தண்டில் முன்பலகையும் பின்பலகையும் ஏறும், இறங்கும், சாயும், திரும்பும். புட்டிகளையும் நகைகளையும் மேஜைமேல் வைத்து எடுப்பவர்களுக்கு அத்தனை அசைவும் வேண்டும். மலையில் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அந்தக் கேமராவின் டிகிரிக் கோடுகள்தான் காட்டிக்கொடுத்தன.

ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடார் ஷெய்ம்ப்ஃப்ளூக் 1904இல் காப்புரிமை பெற்ற விதி ஒன்று உண்டு. ஃபிலிமின் தளமும் லென்ஸின் தளமும் நீண்டுபோய் ஒரு கோட்டில் சந்தித்தால், அதே கோட்டின் வழியாகப் போகும் தரையின் தளம் முழுவதும் தெளியும். குன்னூர் முதலாளி பலகையைச் சாய்த்தது இதன்படிதான். 150 மில்லிமீட்டர் லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நின்றால், காலடிப் புல்லிலிருந்து அடிவானம் வரை தெளிய அந்த லென்ஸ் சாயவேண்டியது 6 டிகிரிக்கும் குறைவு. 90 மில்லிமீட்டருக்கு மூன்றரை டிகிரி போதும். முக்கூர்த்தியின் புல்வெளிகளில் நான் எடுத்த படங்களில் 10 டிகிரி தாண்டியதாக ஒன்றும் நினைவில்லை. விலைப்பட்டியலில் 30 டிகிரி, 40 டிகிரி என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். நிலக்காட்சிக்கு முன்பலகை சாயவேண்டும், மேலே ஏறவேண்டும். சோலைக்காட்டில் நெடிய மரத்தின் உச்சியைப் பிடிக்கக் கேமராவை அண்ணாந்தால் மரங்கள் உள்பக்கம் கவிழும். கேமராவை நேராக வைத்து லென்ஸை மட்டும் உயர்த்தினால் நேராக நிற்கும். மற்ற அசைவுகள் இருந்தால் இருக்கட்டும்.

லென்ஸ் அப்படி ஏற வேண்டுமென்றால் அது விழுத்தும் ஒளிவட்டம் ஃபிலிமைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். நான்குக்கு ஐந்தின் மூலைவிட்டம் 153 மில்லிமீட்டரை ஒட்டி வரும். எஃப் 22இல் 210 மில்லிமீட்டர் வட்டம் தரும் 150 லென்ஸ் இருந்தால் தாராளமாக ஏற்றலாம். பழைய பிரஸ் கேமரா லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும், வட்டம் குறைவு, ஏற்றினால் மூலை இருண்டுவிடும்.

நான் அதிகம் பயன்படுத்திய நீள லென்ஸ் வந்த வழியைச் சொல்லவேண்டும். சிவகாசியில் அச்சகங்கள் புராசஸ் கேமராவை விட்டு ஸ்கேனருக்கு மாறிய காலத்தில் அந்தப் பெரிய கேமராக்கள் பழைய இரும்புக்குப் போயின. அவற்றின் முகப்பில் இருந்தவை அருமையான ஜெர்மன் லென்ஸ்கள். காலண்டர் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஓரம் வரை பிசகாமல் பதியச் செய்யப்பட்டவை. 300 மில்லிமீட்டர், எஃப் 9 லென்ஸ் ஒன்றை எடைக்கடைக்காரர் பித்தளைக் கணக்கில் நிறுத்துக் கொடுத்தார். ஷட்டர் கிடையாது. எஃப் 32க்கு இறக்கி, மெதுவான ஃபிலிம் போட்டு, மூடியைக் கழற்றி இரண்டு விநாடி எண்ணி மாட்டினால் போதும். கோடநாடு காட்சிமுனையிலிருந்து ரங்கசாமி மலையையும் தூணையும் அதில்தான் எடுத்தேன்.

இங்கேதான் பெட்டி உள்ளே வருகிறது. 300 மில்லிமீட்டர் லென்ஸுக்குத் தொலைவைத் தெளிவாக்கவே, முன்பலகையையும் பின்பலகையையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸ் 30 சென்டிமீட்டர் நீளவேண்டும். ஐந்து மீட்டரில் இருக்கும் பாறையைத் தெளிவாக்க 32 சென்டிமீட்டர். மடக்கும் மரக்கேமராக்கள் பலவற்றின் பெல்லோஸ் 30 சென்டிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும். அந்த இரண்டு சென்டிமீட்டர் இல்லாததால் முன்னால் இருக்கும் பாறையை விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், 90க்கும் 75க்கும் பெல்லோஸ் நெருங்கி மடியும். மடிந்தபின் முன்பலகையை உயர்த்த விடாது. ஆகவே முதலில் உங்கள் மிக நீளமான லென்ஸும் மிகக் குட்டையான லென்ஸும் எவை என்று முடிவுசெய்யுங்கள். அவை இரண்டும் சுகமாக அமரும் பெட்டியே உங்கள் பெட்டி. லென்ஸ் போர்டு லின்ஹோஃப் டெக்னிகா அளவில் இருப்பது பெரிய வசதி. உலகம் முழுக்க அந்த அளவு புழங்குகிறது. கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் லேத் பட்டறையில் அலுமினியத் தகட்டில் வெட்டித் தருவார்கள். கோப்பல் என்ற ஷட்டரில் பூஜ்யம் எண்ணுக்கு 34.6, ஒன்றாம் எண்ணுக்கு 41.6, மூன்றாம் எண்ணுக்கு 65 மில்லிமீட்டர் என்று துளை அளவைச் சொன்னால் போதும்.

இனி மலை.

மேல்பவானிப் பக்கம் காற்று எப்போதும் நம்மைச் சோதிக்கும். நீட்டிய பெல்லோஸ் காற்றுக்குப் பாய்போல் ஆகிவிடும். டிரைபாட் எத்தனை கனமாக இருந்தாலும் முன்பலகையின் பூட்டு லொடலொடத்தால் படம் நடுங்கும். கடையில் கேமராவைப் பார்க்கும்போது நான் முதலில் செய்வது, எல்லாத் திருகையும் முடுக்கிவிட்டு முன்பலகையின் மேல்விளிம்பை விரலால் தள்ளிப் பார்ப்பது. அசைந்தால் வைத்துவிடுவேன். மோனோரயிலை விட்டு மடக்குக் கேமராவுக்கு நான் மாறியதற்குக் காரணம் எடை மட்டுமில்லை; நேரம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த விடியலில் வெயில் புல்லைத் தொட்டதும் பனி உருகத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் வனத்துறை வாட்சர் "மேகம் இறங்குது சார், சீக்கிரம்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் எதிர்மலை காணாமல் போகும். பையிலிருந்து எடுத்து, விரித்து, லென்ஸ் மாட்டி, ஃபோகஸ் வைத்து, ஹோல்டரைச் செருகும்வரை ஆகும் நேரத்தில்தான் பல படங்கள் போய்விடும். வாங்க நினைக்கும் கேமராவை விளக்கை அணைத்துவிட்டு, கம்பளிக் கையுறையோடு விரித்துப் பாருங்கள். எந்தத் திருகு எது என்று விரலுக்குத் தெரியவேண்டும்.

மரமா உலோகமா என்ற கேள்விக்கு ஈரமும் குளிரும்தான் பதில் சொல்லும். தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதல் நீலகிரியின் மேற்குச் சரிவில் எதுவுமே காய்வதில்லை. நன்றாகப் பதப்படாத மரம் உப்பி, சறுக்குப் பலகை இறுகிவிடும். தேக்கும் மஹாகனியும் கருங்காலியும் இதைத் தாங்கும். ஜப்பானில் எபனி என்ற பெயரிலேயே கருங்காலியும் டைட்டானியமும் சேர்த்துச் செய்தார்கள். அந்தக் கேமரா என்னை மிகவும் மயக்கியது. உலோகம் உப்பாது. ஆனால் டோயோ 45ஏ போன்றவை இரண்டரைக் கிலோவுக்கு மேல். சீனத்து ஷாமோனி மரத்தோடு கார்பன் ஃபைபரைச் சேர்க்கிறது. 2014இல் இங்கிலாந்தில் தொடங்கிய இன்ட்ரெபிட் ஏறக்குறைய 1.2 கிலோவில், புதிதாகத் தொடங்குபவர் எட்டும் விலையில் கேமரா செய்கிறது. நான் தொடங்கியபோது இப்படி ஒன்று கிடைத்திருந்தால் எத்தனை பேர் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஈரம் பெட்டியைவிட லென்ஸையே அதிகம் கெடுக்கும். தோல் பையில் வைத்த லென்ஸில் பூஞ்சை ஒரே மழைக்காலத்தில் வலை பின்னிவிடும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும்; ஜெல்லை அவ்வப்போது வாணலியில் வறுத்துக்கொள்ளவேண்டும். விடியலில் கருப்புத் துணிக்குள் மூச்சு விட்டால் கிரவுண்ட் கிளாஸ் புகைபடிந்ததுபோல் மங்கிவிடும். மூச்சை அடக்கிப் பார்த்துவிட்டு, தலையை வெளியே எடுத்து விடப் பழகவேண்டும்.

பழைய கேமரா வாங்குபவர்கள் மூன்றைப் பார்க்கவேண்டும். முன்பலகைப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது பெல்லோஸ். இருட்டறையில் அதை முழு நீளத்துக்கு இழுத்து, உள்ளே சின்ன டார்ச்சை எரியவிட்டு, மடிப்பு மூலைகளைச் சுற்றிப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரமாகத் தெரியும். ஒன்றிரண்டு என்றால் கறுப்பு ரப்பர் பசை போதும். வரிசையாக இருந்தால் புது பெல்லோஸின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம் எங்கே இருக்கிறதோ, ஹோல்டரைச் செருகியபின் ஃபிலிமும் மிகச் சரியாக அங்கேதான் உட்காரவேண்டும். நான்குக்கு ஐந்தில் அந்த ஆழம் 5 மில்லிமீட்டரை ஒட்டி வரும். யாரோ கண்ணாடியை மாற்றி, புரட்டிப் போட்டிருப்பார்கள். அல்லது வெளிச்சம் கூடட்டும் என்று ஃப்ரெஸ்னல் தகட்டை உள்பக்கம் செருகியிருப்பார்கள். கண்ணாடியில் தெளிவாக இருக்கும், படத்தில் இருக்காது. ஒரு பழைய ஷீட்டை ஹோல்டரில் போட்டு, வெர்னியரின் ஆழக்கம்பியால் அதன் ஆழத்தையும் பின்பலகையில் கண்ணாடியின் ஆழத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம். வித்தியாசம் இருந்தால் விற்பவரிடம் காட்டி விலையைக் குறைத்து வாங்கி, ஓரங்களில் மெல்லிய பித்தளைத் தாளை அடுக்கியோ எடுத்தோ சரிசெய்து, எஃப் 5.6இல் ஒரு செங்கல் சுவரைச் சரிவாக எடுத்துப் பாருங்கள். நீங்கள் குறிவைத்த செங்கல்தான் தெளிந்திருக்கிறதா என்று அந்த நெகட்டிவ் காட்டிவிடும்.